படகு வருகிறது

கோபத்தோடு இருக்கும்போது எழுதாதே, ஆறவிட்டு எழுது என்பார்கள். நானும் ஆறவிட்டுப் பார்த்தேன். ஆறுகிற கோபமாக இது இல்லை. ஆகவே சூட்டோடேயே சொல்கிறேன்.

சமாதானம் என்று சொல்லிப் பாதைகளைத் திறந்துவிட்டிருந்த 2003ஆம் ஆண்டு அது. கொழும்பிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் நிறுவனங்கள் தீவுப்பக்கம் வரத் தொடங்கியிருந்தன. அவற்றில் ஒன்று கரைத்துணை. ஊர்காவற்றுறையில், வீட்டுக்காரர் கனடாவில் இருக்க வௌவால் குடியிருந்த ஒரு கல்வீட்டை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்துக் கந்தோர் ஆக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் படித்துவிட்டு மடத்துவெளியில் சும்மா இருந்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது. வேலணையில் பஸ் மாறிப் போய்வருவேன்.

கரைத்துணை செய்ய வந்த காரியம் நல்ல காரியம். அதை நான் இன்றைக்கும் மறுக்கமாட்டேன். நெடுந்தீவில் ஒருவருக்குக் கடுமையான வருத்தம் வந்தால் கடல் தாண்டித்தான் யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். வழக்கமான படகு போன பிறகு வருத்தம் வந்தால் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும். அதற்காக ஒரு வேகப் படகு வாங்கி, புங்குடுதீவின் அந்தலையில், தீவு முடிகிற இடத்தில் இருக்கும் குறிகட்டுவான் துறையில் கட்டிவைத்தார்கள். நெடுந்தீவில் ஒரு கொம்பியூட்டர், துறையடியில் ஒரு கொம்பியூட்டர், இரண்டுக்கும் நடுவில் யாழ்ப்பாணத்தில் ஒரு சேர்வர். நெடுந்தீவில் நோயாளியின் பெயரையும் வருத்தத்தையும் பதிந்தால் அது சேர்வருக்குப் போகும். முன்பே ஏற்றிவைத்த நோயாளர் பதிவில் உள்ள ஆள்தானா என்று சேர்வர் பார்த்து, துறையடிக்கும் அம்புலன்சுக்கும் செய்தி அனுப்பும். துறையடியில் மணி அடிக்கும். நெடுந்தீவின் திரையில் பச்சை எழுத்தில் ‘படகு வருகிறது’ என்று வரும். கம்பியில்லாக் கோபுரம் வைத்துச் செய்த வேலை. அப்போது நெடுந்தீவில் கைத்தொலைபேசி எடுக்காது.

அந்தப் புரோகிராமைத் திருத்துவதும் பரிசோதிப்பதும் என் பொறுப்பு. ஒரு இடத்தில் கை வைத்தால் இன்னோர் இடம் உடைகிற சாமான் அது. அதனால் தானாக ஓடும் பரிசோதனை ஒன்றை எழுதியிருந்தேன். பின்னேரத்தில் தட்டிவிட்டால் அது தானே நெடுந்தீவுக்காரர் போல நடித்து, பொய் நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிந்து, சரியான பதில் வருகிறதா என்று பார்க்கும். பாம்புக்கடி, பிரசவம், நெஞ்சுநோ, கிணற்றுக்குள் விழுந்த பிள்ளை, எல்லாம் இருந்தன.

இப்படிப்பட்ட பரிசோதனையை எங்கே ஓட்டுவது? மூளை உள்ள எவரும் தன் பக்கத்தில் இன்னொரு சேர்வரை வைத்து அதில்தான் ஓட்டுவார். உண்மையான சேர்வரைப் போலவே பதில் சொல்லும், ஆனால் வெளியில் யாருக்கும் செய்தி அனுப்பாத ஒன்று. கந்தோரின் சமையல் நடக்காத குசினிக்குள் பழைய கொம்பியூட்டர் ஒன்று சும்மா தூசி தின்றுகொண்டிருந்தது. அது போதும் என்று எங்கள் பணிப்பாளர் சசிகரனிடம் கேட்டேன்.

சசிகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்பில் வளர்ந்தவர். தகப்பனாரின் ஊர் பக்கத்துக் கரம்பொன் என்பதால் கூட்டங்களில் ‘நான் ஒரு தீவான்’ என்று தொடங்குவார். திறப்புவிழா அன்று, படம் பிடிக்கிறவர்களைக் கூப்பிட்டு நிறுத்திவைத்து, நோயாளர் பதிவில் முதல் பெயராகத் தன் பெயரைத் தானே பதிந்தார். நெடுந்தீவுக்கு ஒரே ஒரு தடவை போனவர், அதுவும் கடல் தூங்கிக்கிடந்த நாளில்.

“அது பொம்மையெல்லே பிரியவதனி,” என்றார். “பொம்மைச் சேர்வரோட விளையாடிப்போட்டு எல்லாம் சரியெண்டு எழுதி அனுப்ப ஏலுமே? உண்மையான சேர்வரில ஓட்டும். அப்பதான் அது ரெஸ்ற், பரிசோதனை.”

“உண்மையான சேர்வரில ஓட்டினால் உண்மையா மணி அடிக்கும் சேர்.”

“படகுக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிடும்.”

சொல்லிவிட்டேன். படகுக்காரர் குருசுமுத்து அண்ணை. அவரும் கரம்பொன்தான், ஆனால் கூட்டத்தில் சொல்லிக்கொள்கிறவர் இல்லை. பின்னேரம் அடிக்கிற மணி பொய் மணி என்று சொன்னால், பின்னேரம் உண்மையாக ஒருவருக்கு வருத்தம் வந்தால் என்ன செய்வது என்று அவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை அப்படியே சசிகரனிடம் கொண்டுபோனேன். அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை.

சோளகக் காற்று மூசிக்கொண்டிருந்த ஒரு நாள், குருசுமுத்து அண்ணை மணிச் சத்தம் கேட்டு, எதற்கும் போய்ப் பார்ப்போம் என்று வெளிக்கிட்டு, அலையில் நாரியெலும்பு முறிய நெடுந்தீவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே நோயாளியும் இல்லை, நோயும் இல்லை. மறுநாள் இடுப்பில் உப்புக் காய்ந்த சரத்தோடேயே கந்தோருக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“பிள்ளை, பிரசவ வலியெண்டு அடிச்சது. போய் நிண்டு ஆரைக் கேக்கிறது? உங்க ஆருக்கும் பிள்ளை பிறக்குதோ எண்டு துறையில நிண்டு கத்தினனான். சனம் சிரிக்குது,” என்றார்.

இப்போதாவது அந்தப் பழைய கொம்பியூட்டரைத் தருவார் என்று நினைத்தேன். சசிகரன் அதைவிடச் சுகமான வழி கண்டுபிடித்தார். பரிசோதனைக்கென்று சில பெயர்களை ஒதுக்குவது. அந்தப் பெயர்கள் வந்தால் சேர்வர் வழக்கம்போல ‘படகு வருகிறது’ என்று பதில் சொல்லும், ஆனால் மணி அடிக்காது. உண்மையான சேர்வரின் வயிற்றுக்குள்ளேயே ஒரு பொய்யைக் கொண்டுபோய் வைப்பது. இது ஆபத்து என்று எழுத்திலும் சொன்னேன், வாயாலும் சொன்னேன். நாலு வரி எழுத ஏன் இவ்வளவு கதை என்று கேட்டுவிட்டு, கொழும்பில் இருந்த ஒரு பொடியனைக் கொண்டு அந்த நாலு வரியை எழுதுவித்தார்.

அடுத்த சிக்கல், என்ன பெயர்களைப் போடுவது. வாயில் வந்ததைப் போட முடியாது. அதுவரை பரிசோதனை நேரத்தில் பதிவு பார்ப்பதை நிறுத்திவைத்து, பெயரில்லாமல் ஓட்டினோம்; இனிப் பதிவில் இல்லாத ஆளைச் சேர்வர் உள்ளே விடாது. ஆகவே நெடுந்தீவுப் பதிவில் உள்ள பெயர்களாகத்தான் இருக்க வேண்டும். அங்கே கொம்பியூட்டரில் வேலை செய்தவள் ஜெனீற்றா. கெட்டிக்காரி, பயபக்தியானவள். அவளிடம் பெயர் கேட்டு அனுப்பினோம். அவள் சனிக்கிழமை கந்தோருக்கு வந்தபோது நேரிலேயே சொன்னாள்.

“உயிரோட இருக்கிற ஆக்களின்ர பேரில பாம்புக்கடியும் நெஞ்சுநோவும் நான் போடமாட்டன் அக்கா. வாய்ச்சொல்லே பலிக்கும் எண்டுறவை. இது நாள்தவறாமல் எழுதிறது. செத்தவையின்ர பேரையும் போடேலாது, அவையைத் திரும்பக் கிடத்தி எழுப்பிறது பாவம்.”

சிரிக்க நினைத்தேன். சிரிப்பு வரவில்லை. என் பெயரில் பாம்புக்கடி போட எனக்கும் விருப்பமில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் இப்படித்தான் நினைப்பார்கள். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். வெளிநாடு போய்விட்டவர்கள். வீடு பூட்டி, கூரை விழுந்து, இனி வரமாட்டார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்ட குடும்பங்கள். ஊரின் பழைய குடும்பப் பட்டியலைப் பார்த்து ஏற்றியதால் அவர்களின் பெயர் பதிவில் இருக்கிறது, ஆள் இல்லை. இங்கே பாம்பு கடித்தால் அங்கே பனிக்குள் இருக்கிறவர்களுக்கு என்ன ஆகப்போகிறது. எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. சசிகரன் தலையாட்டினார். பெயர்கள் போயின. அந்தப் பெயர்கள் வந்தால் மணி அடிக்காது என்ற விஷயத்தை ஜெனீற்றாவுக்குச் சொல்லும்படி நான் கேட்டேன். சேர்வருக்குள் நடப்பதை வெளியில் சொல்லக்கூடாது என்றார் சசிகரன். பாதுகாப்பாம்.

ஜெனீற்றா சொன்ன பெயர்களில் ஒன்று அன்னபூரணம்.

அன்னபூரணம் அன்ரி லண்டனில் மகனோடு இருந்தவர். தொண்ணூறில் போனவர். பாதை திறந்தது என்று கேள்விப்பட்டதும், மகன் வேண்டாம் என்று மறிக்க மறிக்க, தனியாக வந்து நெடுந்தீவில் இறங்கிவிட்டார். வீடு விழுந்து கிடந்தது. பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலியும் சரிந்து கிடந்தது. ஆள் பிடித்துச் செய்விக்கலாம். ஆனால் தன் வளவு வேலிக்குத் தானே கல் அடுக்க வேண்டும் என்று நின்றார். புதைந்துகிடந்த ஒரு கல்லைப் புரட்டியபோது, கீழே கிடந்த கண்ணாடிப் புடையன் பாம்பு காலில் கொத்தியது.

அயலவர்கள் ஜெனீற்றாவின் கொம்பியூட்டர் இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலுதவி செய்து, உடனே யாழ்ப்பாணம் அனுப்ப வேண்டும் என்றார் வைத்தியர். ஜெனீற்றா பெயரைப் பதிந்தாள். பதிவில் இருந்தது. வருத்தம்: பாம்புக்கடி. தட்டினாள். பச்சை எழுத்து வந்தது. படகு வருகிறது.

அவர்கள் அன்ரியைக் கொண்டுபோய்த் துறையில் வைத்துக் காத்திருந்தார்கள். கால் வீங்கிக்கொண்டு போனது. ஜெனீற்றா ஓடி வந்து மறுபடி தட்டினாள். படகு வருகிறது. பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியது. மறுபடி ஓடி வந்து தட்டினாள். படகு வருகிறது. அந்தப் பிள்ளை எத்தனை தடவை ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சேர்வர் கூசாமல் அதே பதிலைச் சொல்லியது. நாங்கள் அப்படிச் சொல்லத்தான் அதைப் பழக்கியிருந்தோம்.

இந்தப் பக்கம் குறிகட்டுவானில், எண்ணெய் நிரப்பிய படகோடு, கடலைப் பார்த்துக்கொண்டு குருசுமுத்து அண்ணை வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் தொழிலுக்குப் போக வெளிக்கிட்ட ஒரு மீன்பிடி வள்ளத்தில் வலைக்கு மேலே அன்ரியைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அது துறையில் தட்டியபோது, ஏன் என்னைக் கூப்பிடவில்லை என்று குருசுமுத்து அண்ணை கேட்டிருக்கிறார். கூப்பிட்டோம், நீதான் வரவில்லை என்று வள்ளக்காரர்கள் அடிக்கப் போயிருக்கிறார்கள். அம்புலன்ஸ் இல்லை. அதற்கும் செய்தி போகவில்லை. மீன் ஏற்ற வந்த லொறியில் ஏற்றிவிட்டு, அண்ணை மோட்டார் சைக்கிளில் நேரே கந்தோருக்கு வந்தார்.

“மணி அடிக்கேல்லைப் பிள்ளை,” என்றார்.

சேர்வரைத் திறந்து பார்த்தேன். அன்னபூரணம், பாம்புக்கடி, வரிசையாகப் பல தடவை. ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே குறிப்பு: பரிசோதனை, அனுப்பத் தேவையில்லை.

அன்ரி பிழைத்தார். சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள். வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். நேரத்துக்கு வந்திருந்தால் விரலும் நின்றிருக்கும் என்று அங்கே சொன்னார்கள். சசிகரன் ஒரு குலை முந்திரிகைப்பழமும் ஹோர்லிக்ஸ் போத்தலும் வாங்கிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சிறு தொழில்நுட்பத் தவறு ஒன்று நேர்ந்துவிட்டது என்று தொடங்கி, கொம்பியூட்டர் இங்கிலீசும் கந்தோர்த் தமிழும் கலந்து ஒரு பிரசங்கம் செய்தார். அன்ரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு என்னிடம், “இவர் என்ன சொல்லுறார்? நீர் சொல்லும் பிள்ளை,” என்றார்.

நான் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். இனி வரமாட்டார்கள் என்று நினைத்தவர்களின் பெயரை எடுத்தோம் என்பதையும் சொன்னேன். சசிகரன் என்னை முறைத்தார்.

அன்ரிக்குக் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன். கலங்கவில்லை. முகம் சிவந்தது.

“நான் இனி வரமாட்டன் எண்டு ஆர் தீர்மானிச்சது?” என்று கேட்டார். “என்ர வீடு அங்க. என்ர வேலி அங்க. தம்பி, பாம்பு என்னை ஆரெண்டு பாக்கேல்லை, கடிச்சது. நீங்கள்தான் பேரைப் பாத்தனீங்கள்.”

சசிகரன் ஹோர்லிக்ஸ் போத்தலை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கேள்வி அவருக்கு உறைத்திருக்கும் என்று திரும்பி வரும் வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்தேன். எனக்குப் புத்தி மட்டு.

மறுநாள் கூட்டம் வைத்தார். கூட்டம் என்றால் அவரும் நானும், அழைக்காமலே வந்து வாசலில் நின்ற குருசுமுத்து அண்ணையும். அவருடைய முடிவுகள் வருமாறு. அன்னபூரணத்தின் பெயரை ஒதுக்கிய பெயர்களிலிருந்து எடுத்துவிட்டு, வேறொரு பெயரைப் போட வேண்டும். பிழையான பெயர் தந்த ஜெனீற்றாவை வேலையிலிருந்து நிற்பாட்ட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தாங்கள் வந்ததைக் கரைத்துணைக்கு அறிவிக்க வேண்டும் என்று அறிவித்தல் ஒட்ட வேண்டும்.

சொந்த ஊருக்கு வந்த சனம் இவரிடம் வந்து, நான் வந்துவிட்டேன், இனி என்னைப் பாம்பு கடித்தால் உண்மையான பாம்பு என்று சொல்ல வேண்டுமாம்.

“சேர், அந்தப் பழைய கொம்பியூட்டர் குசினிக்குள்ள கிடக்குது,” என்றேன். “அதைத் தாங்கோ. ரெஸ்றை அங்க கொண்டுபோறன். இந்த நாலு வரியும் தேவையில்லை, ஆரின்ர பேரையும் ஒதுக்கத் தேவையில்லை. நான் முதலே கேட்டது இதுதானே.”

“அது சரிவராது.”

“ஏன் சரிவராது? காரணம் சொல்லுங்கோ.”

அப்போதுதான் வாய் தவறி உண்மையைச் சொன்னார். “ரெஸ்ற் எல்லாம் வேற சேர்வருக்குப் போனால் மாசக் கணக்கு விழுந்துபோகுமெல்லே. காசு தாறவை என்ன நினைப்பினம்?”

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பரிசோதனையின் பொய் நோயாளிகள் எல்லோரும் உண்மையான சேர்வரில் பதிவாகிறார்கள். பக்கத்தில் உள்ள ‘பரிசோதனை’ என்ற குறிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், எல்லோருக்கும் படகு அனுப்பியதாகவே அங்கே நிற்கிறது. அதை அப்படியே எடுத்து, கரைத்துணை கரைசேர்த்த உயிர்கள் என்று படம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் எழுதிய பொய்ப் பிரசவங்களும் பொய்ப் பாம்புக்கடிகளும் இவருக்குப் புண்ணியக் கணக்காகிவிட்டன. உண்மையாகக் கடிபட்டவர் துறையில் கிடந்தபோதும், அந்த ஒவ்வொரு தட்டலுக்கும் ஓர் உயிரைக் காப்பாற்றியதாகக் கணக்கு ஏறியிருக்கும்.

குருசுமுத்து அண்ணை வாசற்படியை விட்டு உள்ளே வந்தார். “அப்ப நான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்த நேரத்திலயும் உயிர் காப்பாத்தினனானோ?” என்று கேட்டார்.

நான் எழுந்து என் கதிரைக்குப் போனேன். சேர்வரைத் திறந்து, சசிகரன் பார்த்துக்கொண்டிருக்க, அந்த நாலு வரியையும் அழித்தேன். ஒதுக்கிய பெயர்களையும் அழித்தேன்.

“இப்ப எந்தப் பேர் வந்தாலும் மணி அடிக்கும் சேர். ரெஸ்றை ஓட்டிறதெண்டால் நீங்களே ஓட்டுங்கோ. துறையில அண்ணைக்குப் பதிலும் நீங்களே சொல்லுங்கோ. ஜெனீற்றாவை நிப்பாட்டிறதெண்டால் என்னையும் சேர்த்து நிப்பாட்டுங்கோ. நான் போனால் இந்த வரியளை எங்க திரும்ப எழுதிறதெண்டு கொழும்புப் பொடியனுக்கும் தெரியாது, எல்லாத்தையும் மாத்திப்போட்டன்.”

கடைசி வசனம் பொய். மன்னிக்கலாம், அந்தக் கந்தோரில் அதைவிடப் பெரிய பொய்கள் நடந்தன.

“ஒவ்வொரு பொய் மணிக்கும் நான் நெடுந்தீவுக்குப் போகமாட்டன்,” என்றார் குருசுமுத்து அண்ணை, அமைதியாக. “நேர உங்கட வாசலுக்கு வருவன். நோயாளியைக் காட்டுங்கோ எண்டு கேப்பன்.”

சசிகரன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு யாருக்கோ தொலைபேசி எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில், அந்தக் குப்பையை எடுத்து என்னவாவது செய்யும் என்றார். அதுதான் அனுமதி.

குசினியிலிருந்து அதைத் தூக்கிவந்து, கரப்பான் துரத்தி, தூசி தட்டி, உண்மையான சேர்வரின் நகல் ஒன்றை ஏற்றினேன். வெளியில் போகும் வயரைப் பிடுங்கிவிட்டேன். இனி அது தன்பாட்டில் பதில் சொல்லும், யாரையும் கூப்பிடாது. ஜெனீற்றா பார்க்க வந்திருந்தாள். வேலை பறிபோகாததில் அவளுக்குச் சந்தோசம்தான், ஆனாலும் முகத்தில் தெளிச்சி இல்லை. அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்தாலே நெஞ்சு அடிக்கிறது என்றாள்.

பரிசோதனைக்கு மறுபடி ஒரு பெயர் வேண்டியிருந்தது. பதிவில் உள்ள பெயராக இருக்க வேண்டும். வெளிநாடு போனவர்களை இனித் தொடமாட்டேன். அவர்கள் எந்த நேரமும் வரலாம். பதிவின் முதல் பக்கத்தைத் திறந்தேன். முதல் பெயர் அங்கே இருந்தது, திறப்புவிழா அன்று படம் பிடிக்கப் பிடிக்கப் பதிந்த பெயர்.

“அக்கா,” என்றாள் ஜெனீற்றா மெதுவாக, “அவர் உயிரோட இருக்கிற ஆளெல்லே.”

“ஓம். தெரிஞ்சுதான் போடுறன்.”

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து நாள்தவறாமல் பின்னேரத்தில் சசிகரனைக் கண்ணாடிப் புடையன் கடிக்கிறது. அது முடிய நெஞ்சுநோ வருகிறது. கிணற்றுக்குள் விழுகிறார். பிரசவ வலியும் வருகிறது, அதை மட்டும் சேர்வர் ஏற்றுக்கொள்வதில்லை, ஏற்கக்கூடாது என்பதும் பரிசோதனையில் ஒன்று. குறிகட்டுவானில் மணி அடிப்பதில்லை. குருசுமுத்து அண்ணை இருந்த இடத்தை விட்டு எழும்புவதில்லை. பழைய கொம்பியூட்டரின் திரையில் மட்டும் பச்சை எழுத்து வருகிறது.

சசிகரன், பாம்புக்கடி. படகு வருகிறது.